நூற்று ஐம்பத்தோரு நிமிடம்

நாத்தனாரைப் பற்றி யாராவது விசாரித்தால் ஸ்கேன் அக்கா சுருக்கமாக முடித்துக்கொள்வாள். "இருக்கா, நல்லாயிருக்கா." அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஐந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே குளியலறைக்குக் காத்திருக்கிறார்கள். சண்டை என்று ஒருநாளும் வந்ததில்லை. ஒட்டுதல் என்றும் ஒன்று வந்ததில்லை.

நாத்தனாருக்கு வீட்டில் நிமிஷம் என்று பெயர். வைத்தவன் அவளுடைய அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். எதைக் கேட்டாலும் நிமிடக் கணக்கில்தான் அவளிடமிருந்து பதில் வரும். அண்ணனின் கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், உங்கள் வீடு இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று மரியாதைக்குக் கேட்டார். எல்லோரும் "பக்கம்தான்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் இவள், "முப்பத்தொம்பது நிமிஷம், ரயில்வே கேட் மூடியிருந்தா நாப்பத்தாறு" என்றாள். கல்யாணப் பெண்ணாக உள்ளே உட்கார்ந்திருந்த ஸ்கேன் அக்கா அன்றே தன் அம்மாவின் பக்கம் சாய்ந்தாள். இவளோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று காதில் கேட்டாள்.

நிமிஷத்துக்கு விமான நிலையத்தில் வேலை. அங்கே என்ன செய்கிறாள் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்கேன் அக்காவும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவளுடைய வேலையே அவளுக்குத் தலைக்கு மேல் இருந்தது.

அவள் பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஸ்கேன் எடுப்பவள். உடம்புக்குள் புற்றுநோய் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்கேன் அது. படம் எடுப்பதற்கு முன் நோயாளியின் கையில் ஒரு மருந்தை ஏற்ற வேண்டும். அந்த மருந்தில் ஒரு விவகாரம் உண்டு. அது கதிர்வீச்சு உள்ள மருந்து, சேமித்து வைக்க முடியாது. தயாரித்து ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனால் அதன் வீரியம் பாதியாகிவிடும். இன்னொரு ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் பாதியில் பாதி. குளிர்பெட்டியில் வைத்தாலும் சரி, மடியில் வைத்துக் காத்தாலும் சரி, அது பாட்டுக்குக் குறைந்துகொண்டே போகும். அதைத் தயாரிக்கும் கூடம் இந்த ஊரில் இல்லை. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் தலைநகரில் இருந்தது. அங்கிருந்து வாரம் இரண்டு நாள், கனமான ஈயப் பெட்டிக்குள் வைத்துக் காலை விமானத்தில் அனுப்புவார்கள்.

வழியில் குறையப்போவதையும் கணக்கில் சேர்த்து எட்டுப் பேருக்கு என்று கேட்டு வாங்குவார்கள். வந்து சேரும்போது ஆறு பேருக்குத்தான் காணும். கூடத்தில் ஒரு நாளைக்குத் தயாரிக்கக்கூடிய அளவே அவ்வளவுதான், கூடுதலாகத் தர வழியில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும், முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்து வந்த இருவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதைச் சொல்லும் வேலை ஸ்கேன் அக்காவின் தலையில் விழுந்தது. டாக்டர்கள் அந்த நேரத்துக்கு மாயமாகிவிடுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்படித் திருப்பி அனுப்பியவர்களில் ஒருவர் பள்ளி வேன் ஓட்டுநர். ஐம்பது வயதிருக்கும். மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தவர். அவருக்கு இது இரண்டாவது முறை. ஸ்கேன் அக்கா சொல்லி முடிக்கும்வரை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"பரவாயில்லைங்க. எனக்கு முன்னாடி உங்க மருந்துக்குப் பசி எடுத்திருச்சு போல, வழியிலயே அதையே அது தின்னுருச்சு" என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று, அடுத்த தடவை வரும்போது பழைய படங்களையும் கொண்டுவர வேண்டுமா என்று பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஸ்கேன் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் துருவித் துருவிக் கேட்டதில் எல்லாவற்றையும் கொட்டினாள். ஒரு மணி நேர விமானப் பயணம்தானே, அதற்குள் எப்படி இவ்வளவு வீணாகிறது, யார் தலையில் பழி போடுவது என்றே தெரியவில்லை என்றாள்.

நிமிஷம் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"ஒரு மணி நேரம்னு யார் அண்ணி சொன்னா?"

"டிக்கெட்ல போட்டிருக்கே. ஒரு மணி இருபது நிமிஷம்."

"அது ஆளுங்களுக்கு. பெட்டிக்கு? அங்க எத்தனை மணிக்கு மருந்தை ஊத்தி மூடுறாங்க? உங்க கைக்கு எப்ப வருது?"

ஸ்கேன் அக்கா யோசித்துப் பார்த்தாள். பெட்டியோடு வரும் சீட்டில் காலை ஆறு பத்து என்று இருக்கும். இவள் பெட்டியைத் திறக்கும்போது சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி தாண்டியிருக்கும். அதைச் சொன்னாள்.

"அப்ப மூணு மணி அம்பது நிமிஷம். அதுல வானத்துல இருக்கிறது அம்பத்தஞ்சு நிமிஷம்தான், அந்த ரூட்டை எனக்கு நல்லாத் தெரியும். மிச்ச மூணு மணி நேரம் உங்க மருந்து தரையில என்ன பண்ணிட்டு இருக்கு?"

ஐந்து வருடத்தில் நாத்தனார் தன்னிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது என்று ஸ்கேன் அக்காவுக்குத் தோன்றியது. தான் அவளிடம் அப்படி ஒன்றுகூடக் கேட்டதில்லை என்பதும் கூடவே உறைத்தது. அன்றுதான் அவள் வாய்விட்டுக் கேட்டாள், நீ அங்கே என்னதான் வேலை பார்க்கிறாய் என்று. நிமிஷம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். ஒவ்வொரு விமானமும் கிளம்புவதற்கு முன், எந்த வழியில் போவது, எவ்வளவு உயரத்தில் பறப்பது, காற்று எப்படி இருக்கும், எத்தனை எரிபொருள் ஊற்றுவது என்று கணக்குப் போட்டு விமானியிடம் தருவது அவள் வேலை. அவள் கையெழுத்துப் போடாமல் விமானம் நகராது. மேஜையின் மறுபக்கத்தில் அவளுடைய அண்ணன் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நிமிஷத்துக்கு விடுமுறை. முந்தின நாளே தலைநகருக்குப் போய்த் தங்கிவிட்டு, காலையில் மருந்துக் கூடத்தின் வாசலில் நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்கேன் அக்கா வாங்கிக் கொடுத்த கடிதம் கையில் இருந்தது. பெட்டி புறப்பட்டதும் அதன் பின்னாலேயே ஒரு வாடகைக் காரில் போனாள். சரக்குக் கொட்டகையில் நின்றாள். அதே விமானத்தில் ஏறினாள். இங்கே இறங்கி, மறுபடி சரக்குக் கொட்டகை வாசலில் காத்திருந்து, ஆஸ்பத்திரி வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து கீழ்த்தளம்வரை வந்து சேர்ந்தாள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் எல்லாம் எழுதியிருந்தது.

கூடத்திலிருந்து பெரிய விமான நிலையத்துக்குச் சாலையில் முப்பத்தெட்டு நிமிடம். சரக்குக் கொட்டகையில் காத்திருப்பும் காகிதமும் அறுபத்திரண்டு. விமானத்தில் ஏற்றிக் கதவு மூட இருபது. ஓடுபாதைக்குப் போய் வரிசையில் நிற்கப் பதினாறு. பறப்பது ஐம்பத்தைந்து. இறங்கி நிற்க ஐந்து. பெட்டியை எடுத்து நிலையத்தின் மறுகோடிக் கொட்டகைக்குக் கொண்டுபோய், கதிர்வீச்சை அளந்து முத்திரை வாங்க இருபத்து நான்கு. ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு. மொத்தம் இருநூற்று முப்பத்திரண்டு.

"யாரும் சும்மா இல்ல அண்ணி. எல்லாரும் ஓடி ஓடித்தான் வேலை செய்யுறாங்க. பெட்டி மட்டும்தான் உக்காந்திருக்கு" என்றாள்.

அதன் பிறகு பத்து நாள் அவள் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரிதான். சாப்பிடும்போது நோட்டு, டீ குடிக்கும்போது நோட்டு. பதினோராம் நாள் ஒரு யோசனையோடு வந்தாள். அதைக் கேட்டதும் ஸ்கேன் அக்கா இவளுக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் நினைத்தாள்.

தலைநகரின் ஓரத்தில் சின்னதாக இன்னொரு விமான நிலையம் உண்டு. அங்கிருந்தும் காலையில் ஒரு விமானம் இந்த ஊருக்கு வருகிறது. ஜெட் இல்லை, இறக்கையில் இரண்டு விசிறி சுழலும் சின்ன விமானம். ஊரில் அதற்குக் காத்தாடி என்று பெயர். வேறு வழியில்லாதவர்கள்தான் அதில் ஏறுவார்கள். மருந்தை அதில் அனுப்ப வேண்டும் என்றாள் நிமிஷம். பெரிய நிலையத்தைவிட அது இந்த ஊரிலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர் கூடுதல் தூரத்தில் இருக்கிறது. பறக்கும் நேரம் ஐம்பத்தைந்துக்குப் பதில் எண்பத்தைந்து நிமிடம்.

ஆஸ்பத்திரி இயக்குநரின் அறையில் இதைச் சொன்னபோது அவர் சிரித்தேவிட்டார். அவசர மருந்தை எடுத்துக்கொண்டு மெதுவான விமானத்தில் ஏறச் சொல்கிறீர்களா என்றார். கூட இருந்த பெரிய டாக்டரும் தூரமும் கூடுதல், வேகமும் குறைவு, இதில் எங்கே லாபம் என்று கேட்டார். ஸ்கேன் அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். தன் நாத்தனார் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

நிமிஷம் பதறவில்லை. நோட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சார், விமானம் மெதுவாத்தான் போகும். ஆனா அந்தச் சின்ன ஏர்போர்ட்டு மருந்துக் கூடத்துலேர்ந்து ஒம்பது நிமிஷம். அங்க ஓடுபாதைக்கு வரிசை கிடையாது, நாலு நிமிஷத்துல கிளம்பிடலாம். சரக்கை வால் பக்கத்துக் கதவுலதான் ஏத்துவாங்க. கடைசியா ஏத்துற பெட்டிய முதல்ல இறக்கலாம். வானத்துல அரை மணி நேரம் போகுது, தரையில நூத்திப் பதினோரு நிமிஷம் மிச்சமாகுது. எல்லாம் சேர்த்து நூத்தி அம்பத்தோரு நிமிஷம். எட்டாவது ஆளுக்கும் மருந்து இருக்கும்."

பெரிய டாக்டர் தன் கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். இரண்டாம் முறையும் தட்டினார். பிறகு இயக்குநரைப் பார்த்து, இந்தப் பெண் சொல்வது சரிதான் என்றார்.

கணக்கு சரி என்பதற்காகக் காரியம் நடந்துவிடுமா. சின்ன நிலையத்தின் சரக்கு மேலாளர் முதலில் பிடிகொடுக்கவே இல்லை. எந்தப் பெட்டியானாலும் ஒரு மணி நேரம் முன்னால் வர வேண்டும் என்பது அவருடைய விதி. நிமிஷம் இரண்டு முறை நேரில் போய்ப் பார்த்தாள். பாதுகாப்புச் சோதனையில் ஒரு நிமிடம்கூடக் குறைக்க வேண்டாம், காகிதங்களை மட்டும் முந்தின நாளே அனுப்பிவிடுகிறோம், பெட்டி வந்தபின் சோதனை மட்டும் நடக்கட்டும் என்றாள். அப்படிப் பார்த்தால் இருபத்தைந்து நிமிடம் போதும் என்று அவரையே எழுதிப் பார்க்கவைத்தாள். இந்தப் பக்கம் கதிர்வீச்சை அளக்கும் அதிகாரி கொட்டகைக்குப் பதில் விமானத்தின் அருகிலேயே வந்து அளக்க ஒப்புக்கொண்டார். ஒருவரிடமும் அவள் குரலை உயர்த்தவில்லை. ஆறு வாரம் ஆயிற்று.

முதல் நாளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை குறிக்கப்பட்டது. எட்டுப் பேரையும் வரச் சொல்லியிருந்தார்கள். பட்டியலில் முதல் பெயர் பள்ளி வேன் ஓட்டுநருடையது; இடையில் உடம்புக்கு முடியாமல் அவரால் வர முடியாமல் போயிருந்தது. அந்தப் பெயரை ஸ்கேன் அக்காவே தன் கையால் எழுதியிருந்தாள்.

அன்று காலை பெட்டியை வாங்க அவளே வேனில் விமான நிலையத்துக்குப் போனாள். எட்டு மணிக்கு முன்பே போய்விட்டாள். வாசலில் அனுமதிச் சீட்டு கொடுத்து நிமிஷத்தின் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். நீளமான அறை, ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதை. நிமிஷம் நான்கு திரைகளுக்கு முன்னால் காதுக்கருவியோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைக் காட்டினாள். முகம் சரியாக இல்லை.

பக்கத்தில் இருந்த வயதான சக ஊழியர் தணிந்த குரலில் விவரம் சொன்னார். விடியற்காலையிலிருந்து எதிர்காற்று கூடிக்கொண்டே இருந்தது. விமானம் வழக்கமாகப் பறக்கும் உயரத்தில் காற்று முகத்தில் அறைகிற மாதிரி வீசுகிறது. அப்படியே வந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதம். ஏழு மணிக்கே நிமிஷம் விமானியோடு பேசி வழியை மாற்றிவிட்டாள். எட்டாயிரம் அடி தாழ்ந்து பறக்கச் சொல்லியிருக்கிறாள். கீழே காற்று குறைவு. எரிபொருள் கூடுதலாகத் தின்னும், அதற்கும் கணக்குப் போட்டு ஊற்றச் சொல்லிவிட்டாள். வழியிலிருக்கும் மலைக்கு மேல் போதுமான இடைவெளி இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள்.

அந்த நேரம் விமானியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. எதிரே மேகம் கட்டியிருக்கிறது, மேலே ஏறிவிடலாமா என்று கேட்டார்.

மேலே ஏறினால் காற்று. நிமிஷம் திரையில் மேகப் படத்தைப் பெரிதாக்கினாள். அவசரப்படாமல் இரண்டு இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"கேப்டன், முடிவு உங்களோடது. என் படத்துல மேகத்துக்கு இடது பக்கம் பத்து மைல் அகலத்துக்குத் தெளிவா இருக்கு. இப்ப இடது பக்கம் கொஞ்சம் திரும்பினா ரெண்டு நிமிஷம் கூடும். மேல ஏறினா ஏழு நிமிஷம் கூடும். உங்களுக்குச் சரியாத் தோணலைன்னா ஏறிடுங்க, பெட்டியப் பத்தி யோசிக்க வேண்டாம்."

ஒலிபெருக்கி சற்று நேரம் இரைந்தது. பிறகு விமானி, "இடது பக்கம் தெளிவாத்தான் தெரியுது. திரும்பறேன்" என்றார்.

கடைசி வாக்கியத்தை நிமிஷம் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் என்பதையே ஸ்கேன் அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக இந்தப் பெட்டிக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அலைந்தவள் அவள். அதே பெட்டியை ஒரு நொடியில் தள்ளி வைத்துவிட்டு அந்த விமானத்தில் இருக்கும் நாற்பது பேரை நினைத்தாளே. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்போமா என்று அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

விமானம் எட்டு ஐம்பத்தெட்டுக்கு வந்து நின்றது. விசிறிகள் அடங்குவதற்குள் அளக்கும் அதிகாரி வால் பக்கத்துக் கதவருகே நின்றார். அங்கிருந்து வேன். வேன் ஓட்டுபவருக்கு ஏற்கெனவே எல்லாம் சொல்லிவைத்திருந்தார்கள், மனிதர் சந்து பொந்தெல்லாம் புகுந்து வந்தார். ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஸ்கேன் அக்கா கீழ்த்தளத்தில் பெட்டியைத் திறந்தாள். மருந்தை ஊற்றி மூடிய நேரம் ஆறு நாற்பத்தொன்று என்று சீட்டில் இருந்தது. அளவுக் கருவியில் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள்.

பள்ளி வேன் ஓட்டுநர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு அது தின்னாம வந்திருக்கா?" என்று கேட்டார்.

"இன்னிக்கு உங்களுக்கும் இருக்கு, எல்லாருக்கும் இருக்கு" என்றாள்.

ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் முடிந்தார்கள். ஏழாவது ஆளும் முடிந்தார். எட்டாவதாக வந்தது ஒரு தையல்காரப் பெண். அப்போதுதான் முதல்முறை வருகிறாள், ஊசியைக் கண்டு பயந்துகொண்டிருந்தாள். குப்பியில் மிச்சம் இருந்ததை ஸ்கேன் அக்கா ஊசியில் இழுத்தாள். தேவைக்கு மேல் மயிரிழை அளவுதான் கூடுதல். ஊசி ஏறும்போது அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு, இந்த மருந்து ரொம்ப தூரத்திலிருந்தா வருகிறது என்று பேச்சுக்குக் கேட்டாள். ஆமாம் என்று மட்டும் சொன்னாள் ஸ்கேன் அக்கா. இதற்கு முந்தின வாரம் வந்திருந்தால் தன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

ஓட்டுநருக்கு நோய் பரவவில்லை என்று படத்தில் தெரிந்தது. உடனே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். தையல்காரப் பெண்ணுக்கு அவ்வளவு நல்ல செய்தி இல்லை, ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் மருந்தை மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு யாரையும் திருப்பி அனுப்புவதற்காக ஸ்கேன் அக்கா அந்த வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. காற்று மிக மோசமாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் ஒருவர் விடுபட்டார். அவரைப் பற்றி நிமிஷம் ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இயக்குநர் ஒரு கூட்டம் போட்டுப் பாராட்ட வேண்டும் என்றார். நிமிஷம் வர மறுத்துவிட்டாள். அன்று காலை ஷிஃப்ட் என்று காரணம் சொன்னாள். அவளுக்குப் பதில் போய் நின்ற ஸ்கேன் அக்கா, எழுதிக்கொண்டு போனதைப் படிக்காமல், அவள் என் வீட்டில் இருக்கிறாள் என்று மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, கடலோரத்தில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. அவர்களுக்கும் இதே மருந்து, இதே தொல்லை. யாரோ கணக்குப் போட்டுக் கொடுத்தார்களாமே என்று கேட்டார்கள். நிமிஷம் தன் விடுமுறை நாளில் போவதாக ஒப்புக்கொண்டாள். அந்தக் காலையில் ஸ்கேன் அக்கா விடுப்பு போட்டுவிட்டு, புருஷனின் காரை எடுத்து வாசலில் நிறுத்தினாள்.

"நீங்க எதுக்கு அண்ணி? நான் பஸ்ல போயிடுவேன்."

"நோட்டை யார் பிடிக்கிறது? நீ வாட்சைப் பாரு, நான் எழுதுறேன்."

நிமிஷம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஸ்கேன் அக்கா கேள்வி கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினாள். காற்று எந்த உயரத்தில் எப்படி மாறும், மேகத்தைத் திரையில் எப்படிக் கண்டுபிடிப்பது, இவ்வளவையும் எப்போது படித்தாய், ஏன் வீட்டில் ஒருநாளும் சொல்லவில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் நிமிஷம் பதில் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் விலாவாரியாகச் சொன்னாள்.